திமிலில் ஒரு மஞ்சள் கை

பாலைமரத்துத் தோட்டத்தார் வீட்டில் மாட்டுப் பொங்கலன்று முதல் கை யார் வைப்பது என்பதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. வீட்டுக்கு மூத்தவர் மஞ்சளில் கையைத் தோய்த்துக் காளையின் திமிலில் அழுத்துவார். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் பிறந்த மற்றவர்கள் வயது வரிசையில் விலாவில் வைப்பார்கள். கட்டிக்கொண்டு வந்தவர்கள் கொம்புக்குப் பூச்சுற்றுவார்கள். கை வைக்க மாட்டார்கள். ஏழு தலைமுறையாக இதுதான் முறை என்று இப்போது வீட்டுக்கு மூத்தவரான சென்னியப்பன் சொல்வார். அவர் சொன்னால் ஏழு தலைமுறைதான். எண்ணிப் பார்க்கிறேன் என்று கிளம்பியவர் அந்தக் குடும்பத்தில் எவரும் இல்லை.

ஆகவே, கோவை நகரம் முழுக்க வண்ண விலங்குச் சிலைகளை நிறுத்திக் குழந்தைகளின் இருதய அறுவை சிகிச்சைக்கு நிதி திரட்டப் போகிறோம், நீங்கள்தான் விழாக்குழுவுக்குத் தலைவராக இருக்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் வந்து நின்றபோது, அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"எங்க காளைய எங்க நிறுத்தறீங்க?"

விழாவுக்கு 'ஊர்மந்தை' என்று பெயர் வைத்தார்கள். உக்கடம் குளக்கரையில் எருமைகள், டவுன்ஹாலில் யானை, சிங்காநல்லூரில் ஒற்றைக்கால் கொக்கு, காந்திபுரம் மேம்பாலத் தூண்களுக்கடியில் ஓர் ஆட்டுக்கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பமோ நிறுவனமோ பொறுப்பு. விழா முடிவில் எல்லாம் ஏலத்துக்கு வரும். பாலைமரத்தார் காளைக்கு ரேஸ்கோர்ஸ் நடைபாதையின் திருப்பத்தில், பெரிய மரங்களின் நிழலில் இடம் கிடைத்தது. ஓட்டுநர் இல்லாத பேருந்துகள்கூட அந்தத் திருப்பத்தில் கொஞ்சம் தயங்கித்தான் போகும். சென்னியப்பனுக்கு அது மரியாதையாகப் பட்டது.

ஆனால் சிலைகள் எல்லாம் வெள்ளைவெளேரென்று நின்றன. அதைத்தான் அவர் நிலோஃபரிடம் கேட்டார். கோட்டைமேட்டுப் பெண், சிலைகள்மேல் பூசியிருந்த சாயத்தைக் கண்டுபிடித்த குழுவில் ஒருத்தி, எப்போது பார்த்தாலும் கையுறையோடு அலைகிறவள்.

"வர்ணம் பூசுன விலங்குன்னு சொன்னீங்க அம்முணி. இது சுண்ணாம்பு அடிச்ச மாதிரியல்ல இருக்குது?"

"கை வெக்கற வரைக்கும் வெள்ளைதானுங்கய்யா. கை வெச்சா, இந்தச் சாயத்துக்குள்ள இருக்கற நுண்ணுயிர் அந்த வேர்வைய ருசி பாக்கும். உப்பு, எண்ணெய், நம்ம தோல்மேல குடியிருக்கற கண்ணுக்குத் தெரியாத கூட்டம், இதெல்லாம் ஆளுக்கு ஆள் வேற. அதுக்குத் தக்கபடி கால்மணி நேரத்துல அதுவே ஒரு நிறம் எடுத்துக்கும். கையோட அச்சு அப்பிடியே நிக்கும். ஊரு சனங்களே பூசற வர்ணமுங்க."

"அழிக்க முடியுமா?"

"முடியாதுங்க. பச்சை குத்துன மாதிரி உள்ள எறங்கிரும்."

சென்னியப்பன் சற்று நேரம் காளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகு வளையாமல் நிற்பது அவருக்குப் பிறவிக் குணம். எழுபது வயதைத் தாண்டியும் தூணுக்குத் துண்டு போட்டதுபோல் இருப்பார்.

"ஒரே ரத்தம்னா ஒரே நிறம் வருமா?"

"ஒரே வம்சத்துல பொறந்தவங்களுக்குப் பெரும்பாலும் ஒரே சாயல்லதான் வருதுங்கய்யா. எங்க வீட்டுல எல்லாருக்கும் மாதுளம்பூ நிறம். ஆனா..."

ஆனா என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதைக் கேட்கும் பழக்கம் சென்னியப்பனுக்கு இல்லை. அவர் அதற்குள் காருக்குப் போய்விட்டார்.

மறுநாள் செய்தியாளர்களிடம் சொன்னார்: "எங்க காளைமேல எங்க வீட்டுல பொறந்தவங்க கை மட்டும்தான். ஒரு குடும்பம், ஒரு நிறம். அத ஊரு பாக்கட்டும்." காளையைச் சுற்றிக் கயிறு கட்டி ஒரு காவலாளியையும் நிறுத்தினார். தலைவர் வீட்டுக் காளைக்குக் கயிறு என்றால் மற்ற வீட்டு எருமைக்கும் யானைக்கும் வேண்டாமா? ஒரு வாரத்துக்குள் மந்தை முழுவதும் கயிற்றுக்குள் நின்றது. கௌரவத்துக்குக் கயிறு ஒன்றும் புதிதல்ல.

கை வைக்கும் நாள் நல்ல வெயில். பாலைமரத்தார் வீடே ரேஸ்கோர்ஸில் திரண்டிருந்தது. சென்னியப்பனின் தம்பி குழந்தைவேல், பெயருக்கேற்றபடி இன்னும் குழந்தை முகத்தோடு, மரத்தடியில் பணியாரச் சட்டியைச் சூடாக்கும் ஏற்பாட்டில் இருந்தார். ஒறம்பரை என்று உறவுசனம் வந்தால் முதலில் வயிறு, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்பது அவருடைய கொள்கை. அவருடைய பிள்ளைகள், தங்கைமார், அவர்களுடைய பேரன் பேத்திகள் எல்லாம் வயது வரிசையில் நின்றார்கள். சென்னியப்பனுக்கு மனைவி மக்கள் இல்லை; தம்பி குடும்பம்தான் அவர் குடும்பம்.

குழந்தைவேலின் மூத்த மகன் கோகுலும் அவன் மனைவி ஸ்வாதியும் கடைசியில் வந்தார்கள். ஸ்வாதியின் இடுப்பில் நறுமுகை. போன ஆண்டு அவர்கள் முறைப்படி தத்தெடுத்த பெண் குழந்தை. புதுப் பாவாடை, காதில் புதுத் தொங்கட்டான். சென்னியப்பனைக் கண்டதும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"பெரிய தாத்தா, நான் கை கழுவிட்டேன்!"

சென்னியப்பன் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. ஸ்வாதியைப் பார்த்துச் சொன்னார்: "கொழந்தை வெளிய நிக்கட்டும் சாமி. பொங்கலுக்கு வேணும்னா நிசமான மாட்டுமேல வெச்சுக்கலாம். இது அழியாத சாயம். ஒரு நிறம்னு ஊருக்கே சொல்லிட்டேன். நடுவுல வேறொண்ணு வந்துட்டா நாளைக்கு ஆளாளுக்குப் பேசுவாங்க."

ஸ்வாதி குழந்தையின் விரித்த கைகளை மெல்ல மடக்கிவிட்டாள்.

"சரிங்க மாமா," என்றாள் ஸ்வாதி. குரலில் ஒன்றுமே இல்லை. குழந்தையோடு கயிற்றுக்கு வெளியே போய் நின்றாள்.

கோகுல் நகரவில்லை. "அப்ப என் கையும் அழுக்குத்தானுங்க பெரியப்பா," என்று சொல்லிவிட்டு அவனும் கயிற்றைத் தாண்டிப் போனான்.

சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. ஆனால் நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. படிப்பலகையில் ஏறி, வலது கையை விரித்து, திமிலின் உச்சியில் அழுத்தினார். குளிர்ச்சியாக, ஈரமாவைத் தொட்டதுபோல் இருந்தது. அவருக்குப் பின் குழந்தைவேல், தங்கைமார், பிள்ளைகள். கோகுலுக்கு உரிய இடத்தில், விலாவின் நடுவே, ஒரு கை அகலத்துக்கு வெள்ளையாக விட்டுவிட்டு அடுத்தவன் வைத்தான். யாரும் சொல்லாமலே அப்படி விட்டார்கள்.

கால்மணி நேரம் கழித்து விலாவில் நிறம் எழத் தொடங்கியது. முதலில் புகைபோல, பிறகு அழுத்தமாக. குழந்தைவேலின் கை மயில்கழுத்து நீலம். தங்கைகளின் கை அதைவிடச் சற்றே வெளிறிய நீலம். பேரப்பிள்ளைகளின் கைகள் சங்குப்பூ நீலம். விலா முழுக்க நீலம் அலையடித்தது. பெண்கள் கைதட்டினார்கள். சென்னியப்பன் மீசையைத் தடவிக்கொண்டு திமிலை நிமிர்ந்து பார்த்தார்.

திமிலின்மேல் மஞ்சள்.

சாதாரண மஞ்சளா? இழைத்த விரலி மஞ்சள். ஐந்து விரலும் தெளிவாக, வெயிலில் பளபளவென்று.

கைதட்டல் நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். பேரன் ஒருவன் மட்டும் தன் தம்பியின் காதில் ஏதோ சொல்லித் தொடையில் ஒரு கிள்ளு வாங்கினான். குழந்தைவேல்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நல்லாத்தானுங்ணா இருக்குது. வாங்க, பணியாரம் ஆறுது."

எல்லாரும் பணியாரத்துக்குப் போய்விட்டார்கள். அவ்வளவு சாதாரணமாகப் போனார்கள். தம் முகத்துக்கு நேரே சிரித்துவிடக் கூடாதென்றுதான் போகிறார்கள் என்று சென்னியப்பனுக்குப் புரிந்தது. அல்லது, புரிந்ததாக அவர் நினைத்தார். பணியாரத்தில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை.

அன்று சாயங்காலமே நிலோஃபரின் ஆய்வுக்கூடத்தில் போய் உட்கார்ந்தார்.

"அம்முணி, நான் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்புடறேன். அதுல நிறம் மாறுமா?"

"கொஞ்சம் வெளிறலாமுங்கய்யா. இல்ல கொஞ்சம் கறுக்கலாம்."

"காத்தால சந்தனச் சோப்புப் போட்டுக் குளிச்சேன்."

"சோப்புக்கெல்லாம் நீலம் மஞ்சளாகாதுங்க." அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். "ஐயா, இது ரத்தப் பரிசோதனை இல்லீங்க. விளையாட்டுக்குச் செஞ்ச சாயம். அப்பா வழி மட்டுமில்ல, அம்மா வழியும் இருக்குது. சில பேருக்கு ரெண்டுமில்லாமயும் வரும். அதத்தான் அன்னிக்கு 'ஆனா'ன்னு சொல்ல வந்தேன். நீங்க காருக்குப் போயிட்டீங்க."

அம்மா வழி! சென்னியப்பன் எழுந்துவிட்டார். அம்மாவின் பிறந்த வீட்டார் காந்திபுரத்தில் ஒரு செம்மறிக் கிடாயை நிறுத்தியிருந்தார்கள். காரை அங்கே விடச் சொன்னார். கிடாய் தலை முதல் வால் வரை வாழையிலைப் பச்சையாக நின்றது. மஞ்சள் ஒரு பொட்டுக்கூட இல்லை. கொஞ்ச நேரம் அதை முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஆட்டின்மேல் கோபித்து என்ன பயன்?

ஊருக்குள் அவர் ஒருவருக்கு மட்டும் இப்படி நடந்திருந்தால் அதை மூடி மறைத்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் கயிற்றுக்குள் இருந்த மற்ற விலங்குகளும் பேசத் தொடங்கியிருந்தன. அண்ணனும் தம்பியும் வேறு வேறு நிறம் என்று சொத்துப் பேச்சை எடுத்த ஒரு வீடு. கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் இருவருக்கும் ஒரே நிறம் வந்துவிட்டதென்று நிச்சயதார்த்தத்தைத் தள்ளிப்போட்ட இன்னொரு வீடு. தலைவர் என்ற முறையில் எல்லாம் அவரிடம்தான் வந்தன. கடைசியாக டவுன்ஹாலிலிருந்து அழைத்தார்கள்.

அவர் போய்ச் சேர்ந்தபோது யானையின் காலடியில் கூட்டம். பூ மொத்த வியாபாரி தண்டபாணி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"எனக்குச் செவப்பு. எங்கப்பனுக்குச் செவப்பு. இவனுக்கு மட்டும் எப்பிடி ஊதா வந்துது? எனக்குப் பதில் தெரியோணும்!"

'இவன்' பள்ளிக்கூடச் சீருடையில் நின்றான். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாய் வசந்தி தலையைக் குனியவில்லை.

"என்னப் பெத்த எங்கய்யன் சத்தியமங்கலத்துல உசுரோட இருக்கறாரு. கூட்டியாந்து கை வெக்கச் சொல்லு. அவருக்கும் ஊதா வருதா இல்லையான்னு பாரு. பாத்துட்டு அப்புறம் உன் பதிலோட நீயே குடித்தனம் பண்ணு. நான் வரல."

கூட்டம் சிரித்தது. தண்டபாணி சென்னியப்பனைக் கண்டு அவர் பக்கம் பாய்ந்தான். "நீங்க சொல்லுங்கையா! ஒரு குடும்பம் ஒரு நிறம்னு நீங்கதான சொன்னீங்க? உங்க வீட்டுல இப்பிடி ஒண்ணு வந்திருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

அந்தக் கேள்வி சென்னியப்பனின் நெஞ்சில் போய் நின்றது. பையன் இப்போது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். விரித்துக் காட்டிய இரண்டு சின்ன உள்ளங்கைகள் அவருக்கு நினைவு வந்தன.

உண்மையைச் சொன்னால், அந்தக் கணத்தில் அவருக்கு வந்தது பெருந்தன்மை அல்ல, யோசனை. புளிய விதையை எங்கே ஒளிக்கலாம்? புளிய விதைக் குவியலில். ஊர்க் கைகளெல்லாம் அந்தக் காளையின்மேல் விழுந்துவிட்டால் எந்தக் கை யாருடையது என்று எவன் கண்டுபிடிப்பான்?

"கயித்த அவுருங்க," என்றார்.

"ஐயா?"

"எல்லாக் கயித்தயும். மந்தைன்னா மந்தை. ஆளுக்கொரு கயிறு கட்டுனா அது மந்தையா? நாளைக்குக் காத்தாலயிருந்து எதும்மேல வேணும்னாலும் யாரு வேணும்னாலும் கை வெக்கட்டும். எங்க காளைமேலயுந்தான்." பிறகு தண்டபாணியைப் பார்த்து, "நீ மொதல்ல பையனக் கூட்டிட்டுப் போயி மத்தியானச் சோத்தப் போடு. பொறவு பொண்டாட்டி கால்ல விழு. ரெண்டும் இன்னிக்கே நடக்கோணும்," என்றார்.

வசந்தி அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். செய்தித்தாள்கள் 'கயிறறுத்த பெரியவர்' என்று படம் போட்டன. சென்னியப்பன் அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்தார். திருடன் கழுத்தில் மாலை விழுந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு அந்த வாரம் தெரிந்தது.

கயிறு அவிழ்ந்த பிறகு ஊருக்குப் பித்துப் பிடித்தது. கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள், துப்புரவு வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர்கள், மாலையும் கழுத்துமாகக் கல்யாண மண்டபத்திலிருந்து நேராக வந்த ஒரு ஜோடி. போக்குவரத்துக் காவலர் ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உக்கடம் எருமையின் மூக்கில் கை வைத்தார்; அது கருநாவல் நிறமாக எழுந்து எருமைக்குச் சளி பிடித்ததுபோல் ஆனது. ரேஸ்கோர்ஸ் தெருநாய் ஒன்று பாலைமரத்தார் காளையின் குளம்பில் முன்னங்காலைப் பதித்தது. நகரத்திலேயே வேறெங்கும் இல்லாத ரோசா நிறம் அதற்குத்தான் வந்தது. அதைப் படம்பிடிக்க வரிசை நின்றது. நிதி குவிந்தது. இருதய சிகிச்சைக்குக் காத்திருந்த குழந்தைகளில் முதல் ஆள் நலமாகி வீட்டுக்குப் போய்விட்டதாகச் செய்தியும் வந்தது. யாருக்கு எந்த நிறம் என்று கேட்பாரில்லை. நிச்சயதார்த்தம் மறுபடி குறித்தார்கள். சத்தியமங்கலத்துக் கிழவர் வந்து யானைமேல் கை வைத்தாரா என்று யாரும் விசாரிக்கக்கூட இல்லை.

சென்னியப்பன் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஒருநாள் அதிகாலை, யாருக்கும் அடையாளம் தெரியாதபடி குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, தம் விதை குவியலுக்குள் மறைந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

காளை திருவிழாபோல் நின்றது. கொம்பு முதல் வால் வரை ஒரு விரல்நுனி வைக்க இடமில்லை. சிவப்பு, பச்சை, ஊதா, செம்மண், நீலத்தின்மேல் ஆரஞ்சு, ஆரஞ்சின்மேல் கருஞ்சிவப்பு. இரண்டே இடங்கள் வெள்ளையாக இருந்தன. ஒன்று, விலாவில் கோகுலின் கை அகலம். வீட்டார் யாரோ அதைச் சுற்றிச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். இன்னொன்று திமில். வெள்ளைத் திமிலின் உச்சியில், தனியாக, கோபுரத்தில் ஏற்றிய விளக்குமாதிரி, அந்த மஞ்சள் கை.

முன்பாவது அது நீலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது அரை மைல் தூரத்திலிருந்தே தெரிந்தது.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் காளையின் காதில் கை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் தொண்டையைக் கனைத்தார்.

"ஏனுங், அங்க எதுக்கு நெருக்கறீங்க? திமில்ல நெறைய எடம் இருக்குதுங்களே."

"ஐயய்யோ, அது பெரியவர் கை வெச்ச எடமுங்க."

"இருந்தா என்னங்க? யாரு வேணும்னாலும் வெக்கலாம்னு அவரேதான சொன்னாரு?"

"அவரு சொல்லுவாருங்க, பெரிய மனசு. அதுக்காக நாம அவரு கைக்கு மேல கை வெச்சரலாமுங்களா? ஒரு மட்டு மரியாதை வேண்டாமுங்களா? நீங்க வெளியூருங்களா?"

"ஆமாங்," என்றார் சென்னியப்பன்.

"வெளியூரு மாதிரித்தான் தெரியுது," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "குல்லாயி நல்லாருக்குதுங்ணா. எங்க வாங்குனீங்?"

குழந்தைவேல். கையில் தூக்குவாளி, அதில் காப்பி. தப்பிக்க வழியில்லை. இருவரும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். குழந்தைவேல் காப்பியை ஆற்றிக் கொடுத்தார். சென்னியப்பன் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"கொழந்தை. அந்தக் கையப் பாத்தியல்ல?"

"பாத்தனுங்."

"நான்... நம்ம அப்பாவுக்குப் பொறந்தவன் இல்லையோன்னு இருக்குதுடா."

குழந்தைவேல் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். அண்ணனையே பார்த்தார். அவர் விளையாடவில்லை என்று தெரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணா, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எது?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்களே!"

பேருந்து ஒன்று திருப்பத்தில் தயங்கிவிட்டுப் போனது.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்குந்தானுங். தங்கச்சிகளுக்கு, மருமகளுகளுக்கு, பசங்களுக்கு. நம்ம தோட்டத்துப் பக்கத்துல பழைய ஆளுக அத்தன பேருக்கும். அப்பா அந்தியூர்த் தேர்ச் சந்தைக்குக் காளை புடிக்கப் போனாரு. அங்க ஒரு காளை, யாரு கிட்டப் போனாலும் முட்ட வந்துதாம். சந்தைக் கொட்டாயில காச்சல்ல ஆத்தாவ எழந்துட்டு ஒரு கைக்கொழந்தை. ஒடையவங்க யாருன்னும் தெரியல. யாரு இடுப்புலயோ இருந்த அந்தக் கொழந்தை எக்கி அந்தக் காளையோட திமில்ல கைய வெச்சுதாம். காளை கம்முனு நின்னுருச்சு. அப்பா ரெண்டையும் ஓட்டிட்டு வந்துட்டாரு."

"ஓட்டிட்டா?"

"அம்மா அப்பிடித்தான் சொல்லுவாங்க. 'காளைக்குப் போன மனுசன் ரெண்டு காளையோட வந்தாரு'ன்னு. நான் அதுக்கு மூணு வருசம் கழிச்சுத்தான பொறந்தன்."

சென்னியப்பன் திமிலை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அப்ப முதல் கை? வீட்டுக்கு மூத்தவன் திமில்ல வெக்கோணும்னு ஏழு தலைமுறையா..." என்றார்.

"ஏழு தலைமுறையா நம்ம வீட்டுல காளை ஏதுங்ணா? தாத்தா எருமையல்ல வெச்சிருந்தாரு." குழந்தைவேல் மெல்லச் சிரித்தார். "அந்த வருசப் பொங்கலுக்கு அப்பா உங்களத் தூக்கி, மஞ்சள்ல கையத் தோச்சுத் திமில்ல வெக்க வெச்சாரு. 'இது இவன் கை வெச்ச காளை. இனி இந்த வீட்டுல முதல் கை இவனுது'ன்னு. அந்த வழக்கமே அதுலயிருந்துதானுங் ஆரம்பம்."

"என்கிட்ட ஒருத்தராச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"சூரியன் கெழக்க மொளைக்குதுன்னு யாராச்சும் வந்து சொல்லுவாங்களா? அதுவுமில்லாம, உங்ககிட்ட வந்து நின்னு பேசறது யாருங்? ஒரு குடும்பம் ஒரு நிறம்னு நீங்க சொன்னப்ப, தெரிஞ்சேதான் தைரியமா சொல்றாருன்னு நெனச்சோம். வீட்டுல பந்தயமே கட்டுனோம், அண்ணன் கை என்ன நெறத்துல வரும்னு. நான் செவப்புன்னு சொல்லி ஒரு தட்டுப் பணியாரத்தத் தோத்தன்."

"பந்தயமா கட்டுனீங்க?"

"பேரன் ஒருத்தன் மஞ்சள்னு கட்டுனான். அதத்தான் தம்பி காதுல சொன்னான், கிள்ளு வாங்குனான்." குழந்தைவேல் டம்ளரை எடுத்துக் கடைசி மிடறைக் குடித்தார். அதற்குப் பிறகு வந்தது சிரிப்பில்லாத குரல். "ஒண்ணு மட்டும் எங்க யாருக்கும் வெளங்கலீங்ணா. அந்தப் புள்ளையக் கயித்துக்கு வெளிய நிறுத்துனீங்களே. வேற ஒருத்தர் செஞ்சிருந்தா தெரியாமச் செஞ்சாருன்னு விட்டிருப்போம். நீங்க எப்பிடிச் செஞ்சீங்கன்னு கோகுல் இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்கறான்."

சென்னியப்பன் குல்லாயை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். பிறகு எழுந்தார்.

"வண்டிய எடு."

கோகுல் வீட்டுக் கதவை ஸ்வாதிதான் திறந்தாள். உள்ளே வாங்க என்றாள்; தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்; நின்றுகொண்டாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருக்குச் சுட்டது.

"கொழந்தையக் கூட்டிட்டு வாங்க சாமி. ரேஸ்கோர்ஸ் போலாம்."

"எதுக்குங்க மாமா? ஊரே கை வெச்சாச்சு. இவ வேற எதுக்கு? அழியாத சாயம். நாளைக்கு ஆளாளுக்குப் பேசுவாங்க."

தம் சொற்கள் தமக்கே திரும்பி வந்ததைச் சென்னியப்பன் அசையாமல் வாங்கிக்கொண்டார்.

"ஊரு வெச்ச எடத்துல இல்ல. திமில்ல. என் கைக்குப் பக்கத்துல."

கோகுல் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தான். நறுமுகை ஒரு மாம்பழத் துண்டோடு கதவோரம் வந்து நின்றாள். பெரிய தாத்தாவைக் கண்டதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நான் இன்னும் கை கழுவல," என்றாள்.

சென்னியப்பன் அவள் உயரத்துக்கு இறங்கினார். அவர் குனிந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. முழங்கால் ஒன்று சடக்கென்றது, குழந்தைவேல் ஓடிவரப் பார்த்தார், அவர் கையமர்த்தினார்.

"கழுவ வேண்டாம் கண்ணு. தாத்தன் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன். இப்பிடியே வா."

அவள் அம்மாவைப் பார்த்தாள். ஸ்வாதி சிறிது நேரம் அந்தக் கிழவரின் குனிந்த முதுகையே பார்த்தாள். பிறகு செருப்பைத் தேடத் தொடங்கினாள்.

ரேஸ்கோர்ஸில் அதற்குள் செய்தி பரவியிருந்தது. வீடே வந்துவிட்டது, நடக்க வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். ஏலத்துக்குச் சிலைகளைச் சரிபார்க்க வந்திருந்த நிலோஃபரும் கையுறையோடு ஓடிவந்தாள். காலையில் பார்த்த நடைப்பயிற்சிக்காரர் சென்னியப்பனின் முகத்தைப் பார்த்தார். அவர் இடுப்பில் செருகியிருந்த குல்லாயைப் பார்த்தார். மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கோகுல் முதலில் போய், வட்டம் போட்டு வைத்திருந்த வெள்ளையில் தன் கையை வைத்தான். பிறகு சென்னியப்பன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படிப்பலகையில் ஏறினார். மாம்பழச் சாறு அவருடைய வெள்ளைச் சட்டையில் வழிந்தது.

"இங்கயா தாத்தா?"

"இங்கதான். நல்லா அழுத்து."

அவள் அழுத்தினாள். மஞ்சள் விரல்களுக்கு ஓரமாக, அதில் பாதி அளவில், ஈரமாக ஒரு கை பதிந்தது. அவர் அவளை இடுப்பில் வைத்தபடி இறங்கிக் கரும்புச்சாறு வண்டியைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

"ஐயா, கால்மணி நேரம் இருங்க!" என்று நிலோஃபர் கத்தினாள். "என்ன நிறம்னு பாக்கலீங்களா?"

"கை வெச்சாச்சில்ல அம்முணி? அப்புறம் பாக்கறதுக்கு என்ன இருக்குது?"

கூட்டம் அப்படியே அமைதியானது. அந்த அமைதியில், குழந்தைவேல் தம் பேரனிடம் கிசுகிசுத்தது எல்லாருக்கும் கேட்டது: "ஒரு தட்டுப் பணியாரம். நான் பச்சைன்னு கட்டறேன்."

சென்னியப்பன் நின்றார். முதுகு நிமிர்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"ஊதா," என்றார். "என் பேர்ல ரெண்டு தட்டு."